‘நீயே எழுதிக்கொண்டு வா’: அமெரிக்க ரெசிடென்சி கேள்வி-பதில்

செப்டம்பர் நெருங்குவதால் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவப் பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் துறைப் பயிற்சிக்கு, விண்ணப்பிப்பது பற்றியவை. ஸ்டெப் தேர்வுகள் (அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுகள்), ஈராஸ் (இணையவழி விண்ணப்பம்), மேட்ச் (விண்ணப்பதாரர், மருத்துவமனை இரு தரப்பின் விருப்பப் பட்டியல்களையும் கணினி பொருத்தி இடம் ஒதுக்குவது) ஆகியவற்றை ஓரளவு அறிந்தவர்களுக்கான பகுதி இது என்பதால் விரிவான விளக்கங்களைத் தவிர்த்திருக்கிறேன். பட்டம் பெற்ற ஆண்டையும் மதிப்பெண்ணையும் விசா நிலையையும் சொல்லாமல், “எனக்கு வாய்ப்பு உண்டா?” என்று மட்டும் கேட்டவர்களுக்கு நான் பதில் எழுதவில்லை. நோயாளியின் வயதைக்கூடச் சொல்லாமல் நள்ளிரவில் போனில் ஆலோசனை கேட்கும் ஜூனியரிடம் நாம் என்ன சொல்வோமோ, அதுவே அவர்களுக்கும்.

ஸ்டெப் 1 தேர்வில் இப்போது பாஸ், ஃபெயில் மட்டும்தானே? இரண்டு மாதத்தில் படித்து முடித்துவிடலாமா? (மூன்றாம் ஆண்டு மாணவர், மதுரை)

2022 ஜனவரி இறுதியிலிருந்து மதிப்பெண் கொடுப்பதில்லை என்பது உண்மை. ஆனால் ஃபெயில் ஆனால் அது உங்கள் பதிவில் நிலைத்துவிடும். அடுத்த முறை தேறினாலும் முதல் முறை அழியாது. பல புரோகிராம்களில் (ரெசிடென்சி நடத்தும் மருத்துவமனைத் துறைகளில்) அந்த ஒரு காரணத்துக்காகவே கணினி உங்கள் கோப்பை ஒதுக்கிவிடும், மனிதர் எவரும் அதைப் பார்க்கமாட்டார். பயிற்சித் தேர்வுகள் மூன்றில் தொடர்ந்து நல்ல இடைவெளியுடன் தேறிய பிறகே தேதி வாங்குங்கள். முன்பு ஸ்டெப் 1 சுமந்த பாரம் முழுவதும் இப்போது சிகிச்சை அறிவைச் சோதிக்கும் ஸ்டெப் 2 சிகே மீது ஏறியிருக்கிறது. அதில் தேறுவதற்கு 218 போதும், ஆனால் விசா தேவைப்படும் வெளிநாட்டுப் பட்டதாரி இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) கேட்டால் 250-ஐ ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது.

டெலிகிராம் குழுவில் ‘ரீகால்’ கேள்விகள், அதாவது முன்பு தேர்வு எழுதியவர்கள் நினைவிலிருந்து எழுதிய கேள்விகள், கிடைக்கின்றன. சீனியர்கள் எல்லோரும் படிக்கிறார்களாம். (ஊர் குறிப்பிடவில்லை)

ஊரைக் குறிப்பிடாமல் விட்டதிலிருந்தே உங்களுக்குப் பதில் தெரிந்திருக்கிறது. 2024 ஜனவரி இறுதியில் நேபாளத்துடன் தொடர்புடைய நூற்றுக்கணக்கானவர்களின் மதிப்பெண்களைத் தேர்வு அமைப்பு செல்லாதவை என அறிவித்தது. மேட்ச் நடக்கச் சில வாரங்களே இருந்த நேரம் அது. குழுவிலிருந்து வெளியேறுங்கள்.

பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கிறது. பட்டச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் வருகிறது. இது சிக்கலா? (சிஆர்ஆர்ஐ, அதாவது கட்டாயப் பயிற்சி மருத்துவர், தஞ்சாவூர்)

சிக்கல்தான், நம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே அமைந்த சிக்கல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கா. செல்வி’, எம்பிபிஎஸ் பட்டத்தில் ‘செல்வி கா.’, பாஸ்போர்ட்டில் வெறும் ‘செல்வி’ என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக இருப்பவர்களை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். சர்நேம் இல்லாத பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா அடிக்கும்போது, இருக்கும் ஒரே பெயரை சர்நேம் கட்டத்தில் போட்டுவிட்டு, முதற்பெயர் கட்டத்தில் ‘எஃப்என்யு’ என்று அச்சிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. எனக்குத் தெரிந்த ஒரு ரெசிடென்டின் அடையாள அட்டையிலும் அதுவே ஏறிவிட, செவிலியர்கள் ஓராண்டு காலம் அவரை ‘டாக்டர் ஃபுனு’ என்றே அழைத்தார்கள். அவரும் திருத்திச் சொல்லிக் களைத்துப்போய் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்.

வரிசையை மாற்றாதீர்கள். முதலில் பாஸ்போர்ட்டைத் திருத்தித் தந்தை பெயரை முழுமையாக சர்நேமாகச் சேருங்கள், அதற்குப் பிறகு அதே எழுத்துக்கூட்டில், வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளின் தகுதியைச் சரிபார்க்கும் அமெரிக்க அமைப்பான இசிஎஃப்எம்ஜியில் கணக்கைத் தொடங்குங்கள், தேர்வுக்குப் பதிவு செய்வது அதற்கும் பிறகுதான். தேர்வு மையத்தின் வாசலில் அனுமதிச் சீட்டிலுள்ள பெயரும் பாஸ்போர்ட்டிலுள்ள பெயரும் பொருந்தாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய பணமும் போகும். பட்டச் சான்றிதழிலுள்ள பெயர் வேறுபட்டால் இருவரும் ஒருவரே என்பதற்கு ஆவணம் கேட்பார்கள். அதைக் கடைசி மாதத்தில் தேடாதீர்கள்.

சென்னையில் ஒரு ஏஜென்சி அமெரிக்காவில் நான்கு வார அப்சர்வர்ஷிப்புக்கு (பார்வையாளர் பயிற்சிக்கு) மூன்று லட்சம் கேட்கிறது. பரிந்துரைக் கடிதம் நிச்சயம் கிடைக்கும் என்கிறார்கள். (வேலூர்)

உங்களை ஒருமுறைகூடப் பார்க்காத மருத்துவர் உங்களைப் பற்றி நல்ல கடிதம் தருவார் என்று இன்றே உறுதி சொல்ல முடிகிறதென்றால், அந்தக் கடிதத்தின் மதிப்பு எவ்வளவு என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: அது ரெசிடென்சி நடக்கும் மருத்துவமனையா, தனியார் கிளினிக்கா, கடிதம் எந்த நிறுவனத்தின் தாளில் வரும், நோயாளியைத் தொட அனுமதி உண்டா. அப்சர்வர்ஷிப்பில் பெரும்பாலும் பார்க்க மட்டுமே முடியும். மாணவராக இருக்கும்போதே அங்கு செய்யும் விருப்பப் பயிற்சியான எலெக்டிவ் இதைவிடப் பல மடங்கு மேல். பட்டம் வாங்கிய மறுநாள் அந்தக் கதவு மூடிவிடும். சிஆர்ஆர்ஐ காலத்தை மாணவர் காலமாக ஏற்பதும் ஏற்காததும் இடத்துக்கு இடம் மாறும், அதையும் எழுத்தில் கேளுங்கள்.

துறைத் தலைவர் பரிந்துரைக் கடிதத்தை என்னையே எழுதிக்கொண்டு வரச் சொல்கிறார். நல்ல மாதிரி ஒன்று அனுப்ப முடியுமா? (கோயம்புத்தூர்)

முடியாது. ஏன் முடியாது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே கேள்வியைப் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நான் என்ன எழுதினாலும் மறு ஆண்டும் அதே கேள்வி வருகிறது.

கோப்புகளைப் படிக்கும் மேசையின் இந்தப் பக்கத்தில் பல பருவங்கள் உட்கார்ந்திருக்கிறேன். நூற்றுக்கணக்கில் வரும் கோப்புகளில் ஒன்றுக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது. ஒருமுறை ஒரே விண்ணப்பத்தில் மருத்துவம், அறுவை சிகிச்சை, குழந்தை நலம் என்று மூன்று துறைகளின் பேராசிரியர்கள் எழுதிய மூன்று கடிதங்கள் இருந்தன. மூன்றிலும் ஒரே வாக்கியத்தில் ஒரே எழுத்துப் பிழை; மூன்றிலும் இரண்டாம் பத்தி ‘கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுபவர், நேரம் தவறாதவர்’ என்றே தொடங்கியது. மூன்றாவது கடிதத்தில் அந்த இளைஞர் பாதி வழியில் பெண்ணாக மாறியிருந்தார், யாரோ ஒரு சீனியர் பெண்ணின் கடிதத்திலிருந்து எடுத்தது. பக்கத்தில் இருந்த சக மருத்துவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்தப் பையனின் மதிப்பெண்ணும் வேலை அனுபவமும் உண்மையிலேயே நன்றாக இருந்தன. அவருக்கு நேர்முகத் தேர்வுக்கான அழைப்புப் போகவில்லை.

இதில் மாணவரை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. ஐந்தரை ஆண்டு தம் வார்டில் ஓடிய பிள்ளைக்கு ஒரு பக்கம் எழுத நேரமில்லை என்று சொல்லி, “நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்” என்பதை ஏதோ சலுகை போலச் சொல்லும் பேராசிரியர்களும் இதைப் படிக்கட்டும். ஈராஸில் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை மாணவர் விட்டுக்கொடுப்பதாக உறுதிமொழி இருக்கிறது. தான் எழுதிய கடிதத்தையே தான் பார்க்கவில்லை என்று சொல்லும் நிலைக்கு அவரைத் தள்ளுவது எவ்வகையிலும் சலுகை ஆகாது.

செய்ய வேண்டியது எளிது. மாதிரிக் கடிதத்துக்குப் பதிலாக ஒரு பக்க நினைவுக் குறிப்பு கொண்டுபோங்கள்: எந்த மாதம் எந்த யூனிட்டில் இருந்தீர்கள், அவர் ரவுண்ட்ஸில் நீங்கள் எடுத்துரைத்த இரண்டு நோயாளிகள் யார், அவர் திருத்திய தவறு எது, மறுவாரம் அதை எப்படிச் சரிசெய்தீர்கள். “இவற்றில் உங்களுக்கு நினைவிருப்பதைச் சொல்லுங்கள் சார், தட்டச்சு செய்ய உதவியாளரிடம் கொடுக்கிறேன்” என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் பத்து நிமிடம் பேசிவிடுவார்கள். தமிழில் பேசினாலும் பரவாயில்லை, அதை அவர் அலுவலகமே ஆங்கிலத்தில் எழுதி அவர் கையாலேயே பதிவேற்றட்டும். ‘நள்ளிரவில் வந்த நீரிழிவு கீட்டோஅசிடோசிஸ் நோயாளியின் பொட்டாசியம் அளவைப் பார்த்துவிட்டு இன்சுலினை நிறுத்தி வைத்து என்னை எழுப்பினாள்’ என்ற ஒற்றை வரி, ‘கடின உழைப்பாளி’ என்று பத்து முறை எழுதுவதைவிட அதிகம் சொல்லும். ஒரு புரோகிராமுக்கு நான்கு கடிதங்கள்தான் அனுப்ப முடியும் என்பதால், உங்களை அறியாத டீனின் கடிதத்துக்கு அதில் இடம் கொடுக்காதீர்கள்.

நேர்முகத்தில் கடிதத்தைப் பற்றிக் கேட்பார்கள். விண்ணப்பத்திலுள்ள ஒவ்வொரு வரியையும் உங்கள் வாயால் விவரிக்க முடிய வேண்டும்.

எம்பிபிஎஸ் முடித்துக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு ஆண்டு இருந்தேன். இந்த இடைவெளியை எப்படி மறைப்பது? (தருமபுரி)

இடைவெளியா? அது உங்கள் கோப்பின் மிகச் சிறந்த பகுதி. ஈராஸில் பத்து அனுபவங்களைக் குறிப்பிடலாம், அவற்றில் மூன்றை முக்கியமானவையாகத் தேர்ந்தெடுத்து விரித்து எழுதலாம். இதை முதலாவதாக வையுங்கள். ஆனால் அமெரிக்கருக்கு ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் புரியாது. இரவுப் பணியில் ஒரே மருத்துவர், துணைக்கு இரண்டு செவிலியர், ஒரு நாளில் பார்த்த வெளிநோயாளிகள் எத்தனை பேர், பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்தைத் தொடங்கிவிட்டு 108-இல் ஏற்றி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பியது என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். எண்ணிக்கையை ஊதிப் பெருக்காதீர்கள். வாயால் விவரிக்க முடிய வேண்டும் என்று இப்போதுதான் சொன்னேன்.

200 புரோகிராம்களுக்கு விண்ணப்பித்தால் வாய்ப்பு கூடுமா? (திருச்சி)

செலவு நிச்சயம் கூடும். ஒரு துறையில் முதல் 30 வரை தலா 11 டாலர், அதற்குமேல் தலா 30 டாலர் என்ற அண்மைக் கட்டணத்தில் 200 என்பது ஐயாயிரம் டாலரைத் தாண்டிவிடும். அதில் பாதி விசா தராத இடங்களாகவோ பட்டம் பெற்று ஐந்தாண்டு கடந்தவர்களை ஏற்காத இடங்களாகவோ இருக்கும், நீங்களும் அவற்றின் வலைத்தளத்தைத் திறந்துகூடப் பார்த்திருக்கமாட்டீர்கள். ‘உங்கள் இடத்தில் எனக்குத் தனி விருப்பம்’ என்று புரோகிராமுக்குத் தெரிவிக்கும் சிக்னல்கள் இன்டர்னல் மெடிசினில் தங்கம் மூன்று, வெள்ளி பன்னிரண்டு. இந்தப் பதினைந்தையும் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களுக்கு வீணாக்காமல், வெளிநாட்டுப் பட்டதாரிகள் இப்போதே ரெசிடென்டுகளாக இருக்கும் இடங்களுக்குக் கொடுங்கள். அந்தப் பட்டியல் அந்தந்த வலைத்தளத்திலேயே, பெரும்பாலும் படத்துடன், இருக்கிறது.

ஜே-1 நல்லதா, எச்-1பி நல்லதா? (யாழ்ப்பாணம்)

கிடைப்பது நல்லது. ஜே-1 என்பது பயிற்சிக்கான பரிமாற்ற விசா, அதற்கு இசிஎஃப்எம்ஜி ஆதரவு தரும். உங்கள் நாட்டுச் சுகாதார அமைச்சிடமிருந்து தேவைக் கடிதம் வாங்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உங்களுக்கும் ஜே-2 விசாவில் வரும் துணைவருக்கும் உண்டு. அந்த நிபந்தனையிலிருந்து விலக்குப் பெறப் பெரும்பாலானவர்கள் போகும் வழி கான்ராட் 30 திட்டம்: ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு 30 இடம், மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதியில் மூன்றாண்டு வேலை. எச்-1பி என்பது வேலை விசா, அதைக் கேட்பவர் அதற்கான மனு தாக்கலாவதற்குள் ஸ்டெப் 3 தேறியிருக்க வேண்டும். அதை அமெரிக்க மண்ணில்தான் எழுத முடியும். இதற்கும் மேலாக, 2025 செப்டம்பரில் வந்த ஆணை புதிய எச்-1பி மனுக்கள் மீது ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதித்தது. அதை யார் கட்டுவது, உங்களுக்கு அது பொருந்துமா என்பதை அந்தப் புரோகிராமிடம் எழுத்தில் கேட்காமல் பட்டியலில் முதலிடம் கொடுக்காதீர்கள்.

ஒரு புரோகிராம் இயக்குநர் என்னை மேலே வைப்பதாகச் சொன்னார். எனக்குப் பிடித்தது வேறொன்று. எதை முதலில் போடுவது? (சென்னை)

பிடித்ததை. மேட்சின் கணக்கு விண்ணப்பதாரரின் பட்டியலிலிருந்து தொடங்குகிறது. எட்டாத இடத்தை முதலில் போட்டதால் இரண்டாவது இடத்தில் உங்கள் வாய்ப்பு ஒரு துளியும் குறையாது. இந்தக் கணக்கை 1990-களின் பிற்பகுதியில் திருத்தி அமைத்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத், பொருத்தங்கள் பற்றிய ஆய்வுக்காக 2012-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். நீங்கள் இரவெல்லாம் விழித்துக் கண்டுபிடிக்கும் தந்திரத்தை அவர் ஏற்கெனவே அடைத்துவிட்டார். இயக்குநரின் இனிய சொல் எவரையும் கட்டுப்படுத்தாது.

2014-இல் பட்டம், ஸ்டெப் 1-இல் இரண்டு முறை ஃபெயில், ஆர்த்தோபீடிக்ஸ் மட்டும்தான் வேண்டும். (ஈரோடு)

ஈரோட்டிலேயே ஆர்த்தோ படியுங்கள்.

மேட்ச் ஆகவில்லையென்றால், மீதி இடங்களை நிரப்பும் சோப் சுற்றில் புரோகிராம்களுக்கு நேரடியாகப் போன் செய்யலாமா? (சேலம்)

கூடாது, அது விதிமீறல். அவர்கள் முதலில் தொடர்புகொண்டால் மட்டுமே பேசலாம். உங்களுக்காக உங்கள் மாமா பேசுவதும் அதே விதிமீறல்தான். 45 விண்ணப்பங்கள் அனுமதி உண்டு. விசா தேவைப்படாத வெளிநாட்டுப் பட்டதாரிகளையும் சேர்த்தே அந்த வாரம் அனைவரும் போட்டியிடுவார்கள் என்பதால், மேட்ச் வாரத்தின் திங்கட்கிழமைக்கு முன்பே தனிநபர் அறிக்கையின் (உங்களைப் பற்றி நீங்களே எழுதும் கட்டுரையின்) இரண்டாவது வடிவத்தை, ஃபேமிலி மெடிசினுக்கு (குடும்ப மருத்துவத்துக்கு) ஏற்றபடி, தயாராக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.