புது கேம், புது டேப்பட்: முதல் ஆயிலாக எதை ஊற்றுவது?

பிரித்துக் கட்டிய பழைய இன்ஜினுக்கு முதல் ஓட்டத்தில் எந்த ஆயில் நல்லது என்று பலர் கேட்டிருந்தீர்கள். அம்பாசடர், ஃபியட், மோரிஸ் மைனர் இன்ஜின்களைக் கட்டுவதுதான் இருபது வருடத்துக்கு மேலாக என் பிழைப்பு. கேள்விகளைச் சுருக்கிப் போட்டு, கீழே பதில் சொல்லியிருக்கிறேன். புதியவர்களுக்கு: வால்வுகளைத் திறக்கும் மேடுகள் (மூக்குகள்) உள்ள சுழல் தண்டுதான் கேம், அந்த மூக்கு தள்ளும் சிறு உருளைதான் டேப்பட்.

சேலம், 1984 அம்பாசடர் பெட்ரோல்: அண்ணா, ரீபோர் பண்ணி (சிலிண்டரைக் கடைந்து), கேம் ஷாஃப்டும் டேப்பட்டும் புதுசு போட்டாச்சு. 5டபிள்யூ-30 ஃபுல் சிந்தெடிக் ஊற்றினால் இன்ஜின் நல்லா இருக்கும் என்கிறார் கடைக்காரர். ஊற்றலாமா?

வேண்டாம் தம்பி. புது கார்களுக்கு அது அருமையான ஆயில்தான். ஆனால் உங்களுடையது 1489 சிசி பிஎம்சி பி-சீரிஸ் இன்ஜின். கேமின் மூக்கு, டேப்பட்டின் அடியை நேராக உரசியபடியே மேலே தள்ளுகிறது. நடுவில் ரோலர் எதுவும் கிடையாது. இரண்டும் தொடும் இடம் ஒரு கோடு அளவுதான், வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தம் முழுவதும் அந்தக் கோட்டில்தான் இறங்குகிறது.

அந்த இடத்தைக் காப்பாற்றுவது ஆயிலில் கலந்திருக்கும் இசட்டிடிபி (ZDDP). துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த சரக்கு, கடையில் சுருக்கமாக ‘சிங்க்’ என்பார்கள். சூடும் அழுத்தமும் சேரும்போது அது இரும்பின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. புது கேமில் அந்தப் படலம் இன்னும் உருவாகவில்லை. அதனால்தான் முதல் அரை மணி நேரத்துக்கு இவ்வளவு பயப்படுகிறோம்.

புகையோடு போகும் பாஸ்பரஸ், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அதனால் 2004-ல் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எஸ்எம் தரத்திலிருந்து 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களில் பாஸ்பரஸுக்கு 0.08 சதவீதம், அதாவது 800 பிபிஎம் (பத்து லட்சத்தில் 800 பங்கு), உச்சவரம்பு. அடுத்த தரமான எஸ்என்னிலும் அதேதான். ரோலர் வைத்த கேமுக்கு அது போதும். உங்கள் கேமுக்கு, அதுவும் முதல் நாளில், போதாது.

மதுரை, பத்மினி: அப்போ எதை வாங்கணும் சார்? ரன்னிங்-இன் ஆயில் என்று கேட்டால் எங்கள் ஊர்க் கடையில் யாருக்கும் தெரியவில்லை.

கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. பென்ரைட், மில்லர்ஸ், டிரிவன் போன்ற கம்பெனிகள் முதல் ஓட்டத்துக்கென்றே இதைச் செய்கின்றன. சிங்க் தாராளமாக இருக்கும், வழுக்கலைக் கூட்டும் ஃபிரிக்‌ஷன் மாடிஃபயர் இருக்காது. வழுக்கல் அதிகமானால் பிஸ்டனின் புது ரிங் போரில் (சிலிண்டர் சுவரில்) உரசிப் படியாது.

கிடைக்காவிட்டால் சிந்தெடிக் அல்லாத சாதாரண மினரல் ஆயிலில் தேடுங்கள். நான் பெரும்பாலும் போடுவது லாரிக்காரர்கள் வாங்கும் 15டபிள்யூ-40 மினரல், ஏபிஐ சிஐ-4 தரம். பாஸ்பரஸ் பொதுவாக 1000 பிபிஎம்முக்கு மேலேதான் இருக்கும். மினரல் 20டபிள்யூ-50-உம் பரவாயில்லை. கெட்டியான அந்த கிரேடுகளுக்கு 800 வரம்பு கிடையாது. ஆனால் கெட்டியாக இருப்பதாலேயே சிங்க் அதிகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கம்பெனி டேட்டா ஷீட்டில் பாஸ்பரஸ் அளவைப் பாருங்கள், 1000 முதல் 1400 பிபிஎம் இருந்தால் நிம்மதியாக ஊற்றலாம்.

பொருந்தாத ஆயிலைக் கடையில் நின்றபடியே கழித்துவிட ஒரு வழி உண்டு. டப்பாவின் பின்பக்கம் ஏபிஐ வட்டம் இருக்கும். அதன் கீழ்ப்பகுதியில் ‘எனர்ஜி கன்சர்விங்’ அல்லது ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’ என்று இருந்தால் இந்த வேலைக்கு வேண்டாம்.

லாரிக்கான இந்த டீசல் ஆயிலில் அழுக்கைக் கரைக்கும் டிடர்ஜென்ட் கூடுதல். இரும்பின் மேல் இடம் பிடிக்க அதுவும் சிங்கோடு போட்டி போடும். தனி ரன்னிங்-இன் ஆயிலை முதலில் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். கம்பெனியின் ஸ்டாக் வால்வு ஸ்பிரிங் போட்ட அம்பாசடர், பத்மினிக்கு சிஐ-4 தாங்கும்.

திருச்சி: சிங்க் அடிட்டிவ் தனியாக பாட்டிலில் வருகிறதே, இரண்டு பாட்டில் ஊற்றினால் இன்னும் பாதுகாப்பா?

கூடாது. அளவு மிஞ்சினால் அந்தச் சரக்கே இரும்பை அரிக்க ஆரம்பிக்கும். நல்ல ஆயில் கிடைத்துவிட்டால் பாட்டிலே தேவையில்லை.

கோயம்புத்தூர், அம்பாசடர்: ஆயில் ரெடி. ஸ்டார்ட் பண்ணும்போது எதைக் கவனிக்கணும்?

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். எவ்வளவு நல்ல ஆயிலையும் முதல் இருபது நிமிடத்தில் வீணாக்கிவிடலாம். நான் செய்த தப்பையே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அம்பாசடர் கட்டினேன். இறக்குமதி ரன்னிங்-இன் ஆயில்தான் ஊற்றினேன். கார்புரேட்டரில் பெட்ரோல் நிரப்பாமல் விட்டதால் செல்ஃபை அடித்து அடித்து, ஒரு வழியாக இன்ஜின் பிடித்தது. அப்புறம் டைமிங் சரி செய்கிறேன் என்று பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டேன். சத்தம் அவ்வளவு அழகாக இருந்தது. இரண்டு வாரத்தில் டக்டக் என்று சத்தத்தோடு வண்டி திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால் ஒரு கேம் மூக்கு மழுங்கி உருண்டையாகிவிட்டது. அந்த இரும்புத் தூள் ஓடிப்போய் பேரிங்கையும் கீறியிருந்தது. என் செலவில் முழுவதும் மறுபடி கட்டிக் கொடுத்தேன்.

ஐட்லிங் ஏன் ஆகாது? இந்த இன்ஜினில் கேம் மூக்குக்கு ஆயில் முக்கியமாகக் கிராங்க் சுற்றிச் சிதறித்தான் வருகிறது. மெதுவாகச் சுற்றினால் சிதறலும் குறைவு. போதாததற்கு, ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் மூக்கில் விழுவது அந்த வேகத்தில்தான்.

கட்டும்போதே கேம் மூக்குகளிலும் டேப்பட்டின் அடியிலும் மாலி பேஸ்ட்டை (மாலிப்டினம் கலந்த கறுப்பு மசகு) தடவுங்கள். ரிங், போர் பக்கம் அதைக் கொண்டு போகாதீர்கள், அங்கே சாதாரண இன்ஜின் ஆயில் போதும். பக்கவாட்டு மூடியைப் போடுமுன் கையால் சுற்றி ஒவ்வொரு டேப்பட்டும் தன்னைத் தானே திருகிக்கொள்கிறதா என்று பாருங்கள். சுற்றாத டேப்பட் ஒரே இடத்தில் தேய்ந்து செத்துப்போகும். ஆயில் பம்பை நிரப்பி, பிளக்கைக் கழற்றி, விட்டு விட்டு செல்ஃப் அடித்து பிரஷர் ஏறுகிறதா என்று பாருங்கள். டைமிங் முன்பே சுமாராகச் சரியாக இருக்கட்டும், கார்புரேட்டர் நிரம்பியிருக்கட்டும், ரேடியேட்டரில் தண்ணீர் முழுசாக இருக்கட்டும்.

இன்ஜின் பிடித்ததும் நேராக 2000 ஆர்பிஎம். 1500-க்கும் 2500-க்கும் நடுவில் ஏற்றி இறக்கி 20 முதல் 30 நிமிடம். ரேடியேட்டர் முன்னால் ஒரு ஃபேன் வையுங்கள். ஆயில் கசிந்தாலோ சூடு ஏறினாலோ இன்ஜினை ஆஃப் செய்துவிடுங்கள், ஐட்லிங்கில் விட்டுப் பார்க்க வேண்டாம். சரி செய்த பிறகு மிச்ச நிமிடங்களை ஓட்டிக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணம், மோரிஸ் மைனர் 1000: அண்ணை, கேம் மட்டும் புதுசு வாங்கினான். பழைய டேப்பட் பாக்க வடிவா இருக்கு, அதையே போடலாமோ?

போடாதீர்கள். டேப்பட்டின் அடி தட்டையாகத் தெரிந்தாலும் மிக லேசான குவிவு உண்டு, அதுவும் சேர்ந்துதான் அதைச் சுற்ற வைக்கிறது. பழைய டேப்பட் தன் பழைய மூக்கோடு தேய்ந்து பழகி அந்தக் குவிவை இழந்திருக்கும். புது கேமில் போட்டால் சுற்றாது, எந்த ஆயிலும் அதைக் காப்பாற்றாது. பழைய கேமையே மறுபடி போடுபவர்கள் ஒவ்வொரு டேப்பட்டையும் எடுத்த குழியிலேயே திரும்ப வைக்க வேண்டும்.

உங்கள் ஊர் வண்டி என்பதால் இன்னொன்று. யுத்த காலத்தில் அங்கே இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அந்த நிலைமையிலும் அவற்றை ஓட வைத்த மெக்கானிக்குகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டி சம்பில் (அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) இறங்கி ஆயிலை நீர்க்க வைத்திருக்கும். இப்போது பிரித்திருக்கும்போதே பேரிங்கையும் ஆயில் பம்பையும் அளந்து பாருங்கள்.

சென்னை, பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்: கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்குமா?

அந்த புல்லட்டில் கிளட்ச் தனி கேஸில், தனி ஆயிலில் இருக்கிறது. பயம் வேண்டாம். மினரல் 20டபிள்யூ-50 ஊற்றுங்கள்.

ஈரோடு: இருபது நிமிடம் முடிந்தது. அதே ஆயிலில் ஓட்டலாமா?

சூட்டோடு இறக்கிவிடுங்கள், ஃபில்டரும் புதிது. பழைய ஃபில்டரை அறுத்து மடிப்பை விரித்துப் பாருங்கள். சாம்பல் நிற மாவும் மாலி கறுப்பும் சகஜம். மினுமினுக்கும் செதிலோ ஊசியோ இருந்தால் ஓட்டாதீர்கள்.

மறுபடி அதே மினரல் ஆயில், அடுத்து 800 கிலோமீட்டரில் ஒரு மாற்றல். அதுவரை மெதுவாகவே ஓட்டுவது ரிங்குக்குக் கெடுதல். லோடு இருந்தால்தான் ரிங் போரில் உட்காரும். காலி ரோட்டில் டாப் கியரில் 40-லிருந்து 70 வரை ஏற்றி, காலை எடுத்து, மறுபடி ஏற்றுங்கள். பத்துப் பன்னிரண்டு தடவை போதும்.

வால்வு கேப்பை (இடைவெளியை) முதல் வாரத்திலும் 800 கிலோமீட்டரிலும் அளந்து எழுதி வையுங்கள். எல்லாம் லேசாக மாறியிருந்தால் செட் செய்துவிட்டு ஓட்டலாம். ஒரே ஒரு டேப்பட்டில் மட்டும் கேப் திரும்பத் திரும்ப விரிந்தால் வண்டியை நிறுத்தி, பக்கவாட்டு மூடியைத் திறந்து அந்த டேப்பட்டை எடுத்துப் பாருங்கள்.