நோவுக்கு மேல் நோவு

கேள்வி: பல்லடம் பக்கம் எட்டுத் தறி போட்டுக் கூலிக்கு நெய்கிறேன். வயது 51. மூன்று வருடமாக இடுப்பு வலி. எம்ஆர்ஐ எடுத்ததில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் தேவைப்படாது என்றார்கள். மாத்திரை போட்டால் ஒரு நாள் தாங்குகிறது. அம்மா "போன சென்மத்து வினை" என்கிறார். தியான வகுப்புக்குப் போகும் பங்காளி "வலி எல்லாம் மனசுலதானுங்க, உட்கார்ந்து கவனிச்சா போயிரும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதலில் ஒன்று. உங்களுக்கு வலிப்பது நிஜம். "மனசுலதான்" என்று யார் சொன்னாலும் அதற்குக் கற்பனை என்று பொருள் எடுத்துக்கொண்டு குமைய வேண்டாம்.

ஸ்கேன் படத்தைப் பார்த்து மிரளவும் வேண்டாம். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. அதன்படி ஐம்பது வயதுக்காரர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கித்தான் இருக்கிறது. தலைமுடி நரைப்பது மாதிரி அதுவும் ஒரு வயசுக் கணக்கு. உங்கள் வலிக்கு டிஸ்க்கும் ஒரு காரணமாக இருக்கலாம். முழுக் காரணமும் அதுவே என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

பிறகு மீதி எங்கிருந்து வருகிறது? இங்கேதான் உங்கள் பங்காளி பாதி சரி.

நம் ஊரில் "காலு நோவுது" என்கிறோம், "மனசு நோவுது" என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல். ஆனால் வள்ளுவர் ஓர் இடத்தில் பிரித்துவைக்கிறார். இடுக்கண் அழியாமை அதிகாரத்தில் 628-வது குறள்: "இன்பம் விழையான் இடும்பை இயல்பென்பான் துன்பம் உறுதல் இலன்." இடும்பை வரும், அது இயல்பு என்று எடுத்துக்கொள்பவனுக்குத் துன்பம் இல்லை என்கிறார். இடும்பை வேறு, துன்பம் வேறு. புத்தர் இதையே அம்பை வைத்துச் சொன்னதாகச் சங்யுத்த நிகாயம் என்ற பௌத்த நூலில் இருக்கிறது. உடம்பில் படுகிற வலி முதல் அம்பு. அதை நினைத்துப் புலம்பி, பயந்து, நெஞ்சில் அடித்துக்கொள்வது அதே ஆள் மேல் பாயும் இரண்டாவது அம்பு. விவரம் தெரிந்தவனுக்கும் முதல் அம்பு வலிக்கத்தான் செய்யும்.

மூளையில் இந்த இரண்டும் வேறு வேறாகத் தெரிகிறதா? ஓரளவு தெரிகிறது. 1997-ல் மாண்ட்ரியலில் சிலரை மனோவசியத்தில் ஆழ்த்தி, கையைச் சுடுநீரில் வைக்கச் சொன்னார்கள். சூடு மாறவில்லை. அது எவ்வளவு தொந்தரவாகப் படுகிறது என்பதை மட்டும் பேச்சாலேயே கூட்டிக் குறைத்தார்கள். தொந்தரவு ஏறி இறங்கியதற்கேற்ப மூளையின் நடுப்பகுதியில் உள்ள முன் சிங்குலேட் புறணியின் வேலையும் ஏறி இறங்கியது. எங்கே, எவ்வளவு என்று கணக்கிடும் தொடுவுணர்ச்சிப் பகுதி பெரிதாக மாறவில்லை. 2013-ல் வந்த இன்னோர் ஆய்வு உங்களுக்கு நேராகப் பொருந்தும். முதுகுவலி வந்து இரண்டொரு மாதமே ஆனவர்களிடம் வழக்கமான வலிப் பகுதிகள் வேலை செய்தன. பத்து வருடம் தாண்டியவர்களிடம் உணர்ச்சியோடு தொடர்புள்ள பகுதிகளே முன்னுக்கு வந்திருந்தன. வலி நாள்பட நாள்பட முதுகை விட்டு உள்ளே குடியேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவைத்து "புத்தர் சொன்னதை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்று மேடையில் முழங்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அறச்சலூர் மலைக் குகையில் கற்படுக்கையில் படுத்த சமணத் துறவிகள் தேடியது விடுதலையை; இடுப்பு வலிக்கு வைத்தியம் தேடி யாரும் கல்லில் படுக்கவில்லை. இரண்டு அம்பையும் பிரித்துப் பார்க்கிற ஒரு சின்னக் கருவியை மட்டும் இந்தத் துறவு மரபுகளிலிருந்து நாம் கடன் வாங்குகிறோம்.

அதை உங்கள் தறிக்குடோனிலேயே பார்க்கலாம். ஊடைநூல் சுற்றிய தார் தீர்ந்து தறி நிற்கிறது. தாரை ஏந்தி ஓடும் நாடாவை எடுக்கக் குனிகிறீர்கள். இடது இடுப்பில் சுரீர். அடுத்த மூச்சுக்குள் மனசு என்னவெல்லாம் சொல்கிறது? "போச்சு. நாளைக்கு எந்திரிக்க முடியுமா? பாவு பாதியில நிக்குதே. பையன் காலேஜ் பீஸ் வேற." சுரீர் நாலு நொடி. இந்தக் கணக்கு நாள் முழுக்க ஓடும். அது ஓடும்போது உடம்பு விறைக்கும், மூச்சு மேலோட்டமாகும், இடுப்புத் தசை இன்னும் இறுகும், அப்புறம் அடுத்த சுரீர்.

அந்த இடத்தில் தாரை மாற்றுவதற்கு முன் ஒரு மூச்சு நேரம் நில்லுங்கள். "இது சுரீர், இடது பக்கம், பத்துக்கு ஆறு" என்று முதலாவதற்குப் பெயர் வையுங்கள். "இது பீஸ் கணக்கு" என்று இரண்டாவதற்கும் வையுங்கள். விரட்ட வேண்டாம், பெயர் வைத்தால் போதும். மூச்சை மெதுவாக, நீளமாக விடுங்கள், பிறகு தறியை ஓட்டுங்கள். தறிச் சத்தத்தில் தியானமா என்று சிரிக்க வேண்டாம்; அமைதியான அறையில் பழகியது அங்கே உதவினால்தான் அதற்கு மதிப்பு. காலையில் தறி ஓடத் தொடங்குமுன் இருபது நிமிடம் உட்கார்ந்து இதையே பழகலாம்.

பலன் எவ்வளவு? அமெரிக்காவில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 342 பேரிடம் செய்த சோதனை 2016-ல் வெளியானது. எட்டு வாரம் இத்தகைய தியானமும் யோகாவும் பழகியவர்களில் 61 சதவீதம் பேர் ஆறு மாதத்தில் அன்றாட வேலைகளில் நன்றாகத் தேறினார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவர்களில் 44 சதவீதம். எண்ணங்களை மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சையும் ஏறக்குறைய இதே பலன் தந்தது. ஆக, பங்காளி சொல்வது போல "போயிரும்" என்று உறுதி தர முடியாது.

அம்மாவிடம் வாதம் வேண்டாம். வினை என்ற சொல் அவருக்கு ஆறுதல் தந்தால் தரட்டும். "நான் செய்த பாவம்" என்று அது உங்களைக் குத்தத் தொடங்கினால் மட்டும், அதுவும் இரண்டாவது அம்புக் கணக்கில்தான் சேரும்.

மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். கடையில் வாங்கித் தினமும் போடும் மாத்திரையாக இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ஆகாது. படுத்தே கிடக்காதீர்கள், தினமும் நடங்கள், பிசியோதெரபி பயிற்சியை விடாதீர்கள். காலில் பலம் குறைவது, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது — இதில் ஒன்று வந்தாலும் தறியை நிறுத்திவிட்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ வலியோடு சேர்ந்து வந்தாலும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.