தைராய்டு மாத்திரையும் இரும்பு மாத்திரையும் – கடிதம்

வணக்கம்.

என் மனைவிக்கு இது ஐந்தாம் மாதம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாள். ரத்தத்தில் டிஎஸ்எச் (தைராய்டு ஹார்மோன் போதாதபோது கூடும் இன்னொரு ஹார்மோன்) கூடியிருக்கிறது என்று டாக்டர் போன மாதம் அளவைக் கூட்டினார். இந்த மாதமும் குறையவில்லை. மறந்துவிடக் கூடாதே என்று அம்மா தைராய்டு, இரும்பு, கால்சியம் மூன்றையும் காலையிலேயே ஒன்றாக எடுத்துக் கொடுத்துவிடுகிறார். இரும்பு மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

நிறுத்த வேண்டாம். மூன்றுமே அவருக்குத் தேவை. ஒன்றாக விழுங்குவதுதான் சிக்கல்.

தைராய்டு மாத்திரையில் இருக்கும் தைராக்சின் ஹார்மோன் வயிற்றிலும் குடலிலும் இரும்போடும் கால்சியத்தோடும் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியது ரத்தத்தில் சரியாகச் சேராது, பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில் வகை மருந்துகளும் இதே வேலையைச் செய்யும். கர்ப்பிணிகளில் பலர் அதையும் கேட்காமலே வாங்கிக் குடிக்கிறார்கள்.

ஆனால் நேரம் மட்டுமே காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கர்ப்பத்தில் தைராக்சின் தேவை 25 முதல் 50 சதவீதம் வரை இயல்பாகவே கூடும். குழந்தையின் தைராய்டு சுரப்பி 12 வாரம் வாக்கில்தான் வேலையைத் தொடங்குகிறது. ஏறக்குறைய 20 வாரம் வரை மூளை வளர்ச்சிக்குத் தாயின் ஹார்மோனைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. அதனால்தான் பாதிக் கர்ப்பம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் பார்க்கச் சொல்கிறார்கள்.

அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். சீட்டில் மூன்றுக்கும் 'காலை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு இடைவெளியைச் சொல்லாமல் விடுவது எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம்.

சரி, எப்படிக் கொடுப்பது? எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் தைராக்சின். காபி, பலகாரம் எல்லாம் ஒரு மணி நேரம் கழித்து. இரும்புக்கும் கால்சியத்துக்கும் குறைந்தது நான்கு மணி நேரம் தள்ளி. காலை ஆறு மணிக்குத் தைராக்சின் என்றால், பதினோரு மணிக்கு இரும்பு; கூடவே டீ வேண்டாம், எலுமிச்சை ஜூஸ் நல்லது. கால்சியம் இரும்பையும் தடுக்கும், அதனால் அது மதியச் சாப்பாட்டோடும் இரவுச் சாப்பாட்டோடும் போகட்டும்.

இந்த மாற்றத்தை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். அளவு ஏற்கெனவே கூடியிருக்கிறது. இனி முழுதாக உடம்பில் சேர்ந்தால் அதுவே அதிகமாகிவிடலாம். நான்கு வாரத்தில் மறுபடி டிஎஸ்எச் பார்த்து அவர் முடிவு செய்யட்டும்; நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

பிரசவத்துக்கு அப்புறம் தைராக்சின் அளவைப் பெரும்பாலும் பழையபடி குறைப்பார்கள், ஆறு வாரத்தில் ஒரு பரிசோதனை இருக்கும். இரும்பு மாத்திரை பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் உண்டு. அப்போதும் இதே இடைவெளிதான்.