சட்டம் கேளுங்கள்: மாவட்ட நீதிபதியை உயர் நீதிமன்றத்துக்கு எப்படி எடைபோடுகிறார்கள்?

நான் பல மாவட்ட நீதிபதிகளிடம் சிரஸ்தாராக, அதாவது நீதிமன்ற அலுவலகத்தின் தலைமை ஊழியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அவர்களுள் ஒருவருடைய பெயர் உயர் நீதிமன்றப் பதவிக்குப் பேசப்பட்டபோது, அவர் எழுதிய தீர்ப்புகளில் சில மேல்முறையீட்டில் ரத்தாகிவிட்டதைச் சிலர் பெரிய குறையாகச் சொன்னார்கள். நீதிபதியின் தரத்தை இப்படி அளப்பது முறையா?
– வாசகர், பெரம்பூர்

முறையன்று. ரத்தான தீர்ப்புகளை எண்ணிப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. அவை ஏன் ரத்தாயின என்று படித்துப் பார்த்தால்தான் தெரியும்.

அரசமைப்புச் சட்டத்தின் 217ஆவது பிரிவு கேட்பது மிகக் குறைவு. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 10 ஆண்டுகள் நீதித்துறைப் பதவி வகித்திருக்க வேண்டும், அல்லது 10 ஆண்டுகள் உயர் நீதிமன்ற வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும். இந்த வரையறைக்குள் வருபவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அவர்களுள் யார் தகுந்தவர் என்பதை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியும் அடுத்த இரண்டு மூத்த நீதிபதிகளும் அடங்கிய கொலீஜியம் முதலில் முடிவு செய்கிறது. பின்னர் மாநில அரசின் கருத்தும் உளவுத்துறை அறிக்கையும் சேர்க்கப்பட்டு, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியும் இரண்டு மூத்த நீதிபதிகளும் அந்தப் பெயரை மறுபடி ஆராய்கிறார்கள். மாவட்ட நீதிபதியாக இருப்பவரைப் பொறுத்தவரை அவருடைய ஆண்டு ரகசியக் குறிப்புகள், கண்காணிப்புப் பிரிவில் உள்ள புகார்கள், முடித்த வழக்குகளின் கணக்கு, அவர் எழுதிய தீர்ப்புகள் ஆகியவை பரிசீலனைக்கு வருகின்றன.

தீர்ப்பு ரத்தாவதற்குக் காரணங்கள் பல. அதே சாட்சியத்தை மேல் நீதிமன்றம் வேறு விதமாக மதிப்பிட்டிருக்கலாம். தீர்ப்புக்குப் பின் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டப்பிரிவுக்குப் புதிய விளக்கம் தந்திருக்கலாம். இவற்றில் கீழ் நீதிபதியின் பிழை என்று எதுவும் இல்லை. ஆனால் 'முக்கியமான சாட்சியத்தைப் பரிசீலிக்கவே இல்லை', 'முடிவுக்குக் காரணம் கூறப்படவில்லை' என்று மேல்முறையீட்டுத் தீர்ப்புகள் திரும்பத் திரும்பச் சொல்லுமானால், அது கவனிக்க வேண்டிய குறைதான். உத்தரவு தவறாகிவிட்டது என்பதற்காக மட்டும் கீழ் நீதிபதிமீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் ஒரு பீகார் நீதிபதியின் வழக்கில் தெளிவாகவே கூறியிருக்கிறது. ரத்துக்கு அஞ்சும் நீதிபதி துணிந்து ஜாமீன் தரமாட்டார், செல்வாக்குள்ளவருக்கு எதிராகத் தீர்ப்பெழுதவும் தயங்குவார். அப்படி ஒருவரைத் 'தவறே செய்யாதவர்' என்று மேலே அனுப்பினால் நட்டம் நமக்கே.

முடித்த வழக்குகளின் எண்ணிக்கையையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும். காசோலை வழக்குகள் நூற்றை முடிப்பதும், மூன்று தலைமுறை பத்திரங்களைப் படித்து ஒரு பாகப்பிரிவினை வழக்கை முடிப்பதும் ஒன்றல்ல.

நல்ல எடுத்துக்காட்டு நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1988இல் நேரடித் தேர்வில் மாவட்ட நீதிபதியான ஆர். பானுமதி, 1997இல் புதுக்கோட்டை அமர்வு நீதிபதியாக இருந்து, சாமியார் பிரேமானந்தா மீதான பாலியல் வன்கொடுமை, கொலை வழக்கில் தீர்ப்பளித்தார். பக்தர் கூட்டமும் பணபலமும் உடைய ஒருவர் குற்றவாளிக் கூண்டில் நின்ற வழக்கு அது. மரபணுச் சோதனை அறிக்கையையும் பாதிக்கப்பட்ட பெண்களின் சாட்சியத்தையும் எடைபோட்டு அவர் எழுதிய முடிவு உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் நிலைத்தது. அவர் 2003இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் 2014இல் உச்ச நீதிமன்றத்துக்கும் நீதிபதியானார். விசாரணை நீதிமன்றத்தில் ஒருவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு இத்தகைய ஒரு தீர்ப்பு, நூறு புள்ளிவிவரங்களைவிட நல்ல சான்று.

தங்களைப் போன்றவர்களுக்குத் தெரிந்த வேறு செய்திகளும் உண்டு. வெளியூரிலிருந்து வந்த சாட்சியை மாலை வரை காக்க வைத்து வாய்தா கொடுத்து அனுப்புகிறவரா, வழக்கறிஞர் இல்லாமல் நிற்கும் மனுதாரரைப் பொறுமையாகக் கேட்கிறவரா, சரியான நேரத்துக்கு இருக்கையில் அமர்கிறவரா என்பது நீதிமன்ற ஊழியர்களுக்கும் மாவட்ட வழக்கறிஞர்களுக்கும் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஆய்வுக்கு வரும் உயர் நீதிமன்ற நீதிபதி கோப்புகளோடு நிறுத்திக்கொள்ளாமல் இவற்றையும் விசாரித்தறிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சட்டக் கல்லூரிப் பேராசிரியர் நேரடியாக நீதிபதியாக முடியுமா?
– சட்ட மாணவி, தரமணி

உயர் நீதிமன்றத்தில் முடியாது. உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் 124ஆவது பிரிவு 'புகழ்பெற்ற சட்ட அறிஞர்' என்றொரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வழியில் இதுவரை ஒருவர்கூட நியமிக்கப்படவில்லை என்பது வருந்தத்தக்கது.

ஒருவர் சமூக ஊடகத்தில் அரசை விமர்சித்திருந்தால் அவர் நீதிபதியாகத் தகுதியற்றவரா?
– வாசகர், அண்ணா நகர்

இந்தக் கேள்வி நம் உயர் நீதிமன்றத்தை ஒட்டியே எழுந்தது. சென்னை வழக்கறிஞர் ஒருவர், பிரதமரை விமர்சித்த கட்டுரையையும் மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்காமல் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவியைப் பற்றிய பதிவையும் பகிர்ந்தார் என்று உளவுத்துறை எழுதியது. அதனால் அவருடைய பொருத்தமோ நேர்மையோ குறைந்துவிடாது என்று கூறி, உச்ச நீதிமன்றக் கொலீஜியம் 2023 ஜனவரியில் அதே பெயரை மீண்டும் பரிந்துரைத்தது. கருத்தே இல்லாத மனிதரைத் தேடுவதில் பொருளில்லை. தன் கருத்துக்கு எதிரான தரப்பில் சட்டம் இருக்கும்போது அந்தத் தரப்புக்குத் தீர்ப்பளிப்பாரா என்பதையே பார்க்க வேண்டும். ஆனால் ஒரு சமுதாயத்தையோ மதத்தையோ இழிவாகப் பேசியிருந்தால் நிலை வேறு. அந்தச் சமுதாயத்தைச் சேர்ந்தவர் அவர் முன் நம்பிக்கையோடு நிற்க முடியாது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. கொலீஜியத்தின் முடிவுகள் 2017 அக்டோபர் முதல் இணையதளத்தில் வெளியிடப்படுவதால்தான் இவற்றை நாம் இன்று விவாதிக்க முடிகிறது. ஒருவரை விலக்கியதற்கான காரணமும் அதே அளவு விரிவாக வர வேண்டும்.

தகுதியற்றவர் நியமிக்கப்பட்டால் வழக்குத் தொடர முடியுமா?
– வாசகர், மயிலாப்பூர்

217ஆவது பிரிவு கேட்கும் அடிப்படைத் தகுதி இல்லையென்றால் முடியும். 1992இல் கவுகாத்தி உயர் நீதிமன்றத்துக்கு நியமன ஆணை பெற்ற ஒருவர், தாம் வகித்த அரசுப் பதவிகள் 'நீதித்துறைப் பதவி' ஆகா என்று உச்ச நீதிமன்றம் கண்டதால் பதவியேற்க முடியாமலே போனார். ஆனால் 'இவர் பொருத்தமானவர் அல்லர்' என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்பதில்லை. 2023 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றக் கூடுதல் நீதிபதி ஒருவரின் நியமனத்தை எதிர்த்த மனுவும் இந்த அடிப்படையிலேயே தள்ளுபடியானது.

எனவே ஒரு மாவட்ட நீதிபதியின் நடத்தை குறித்துத் தங்களிடம் ஆதாரம் இருந்தால், நியமனம் நடக்கும் வரை காத்திருக்க வேண்டாம். பெயர், முகவரி, கையொப்பம், உறுதிமொழிப் பத்திரம், ஆவண நகல்கள் ஆகியவற்றோடு உயர் நீதிமன்றத் தலைமைப் பதிவாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மொட்டைக் கடிதங்கள் நடவடிக்கையின்றி ஒதுக்கப்படும். அவை நேர்மையான நீதிபதிகளை மிரட்டப் பயன்படுவதால், அப்படி ஒதுக்குவதும் நியாயமே.