துரித உணவுக் கடையில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயங்கள் என்ன?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்த வேலையில் இருக்கிறேன். எல்லாவற்றையும் விட எண்ணெயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

எண்ணெயைத் தினமும் மாற்ற மாட்டோம். இரவு கடை சாத்தும்போது வடிகட்டி, மறுநாளும் அதையே ஊற்றுவோம். அதில் தப்பில்லை, அளவு மீறாதவரை. திரும்பத் திரும்பக் காய்வதால் எண்ணெய் சிதைந்து உண்டாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்பது தென்னாப்பிரிக்க விதி. கெட்ட எண்ணெய் எங்களுக்குக் கண்ணிலேயே தெரியும்: கறுத்துக் கெட்டியாகும், சிப்ஸை (ஃபிரெஞ்சு ஃப்ரைஸை இங்கே அப்படித்தான் சொல்வோம்) அள்ளிய பிறகும் நுரை அடங்காது, 180 டிகிரியை எட்டும் முன்பே புகையும். உங்களுக்கு நாக்கில் கசப்பும் பிசுக்கும் தெரியும். தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

புரட்டாசி விரதத்தில் "சிப்ஸ்தானே" என்று வாங்கும் நம்மவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்: கோழி பொரிக்கும் தொட்டி வேறா? பல சின்னக் கடைகளில் ஒரே தொட்டிதான். காய்கறி பர்கருக்குள் வைக்கும் வட்டமான பேட்டியும் (patty) பெரும்பாலும் இறைச்சி வேகும் அதே கல்லில்தான் வேகும். விரதம் இருப்பவருக்கு இது சின்ன விஷயமே இல்லை.

சூடான சிப்ஸ் கிடைக்க உப்பில்லாமல் கேட்கும் தந்திரம் பலிக்கும்தான். ஆனால் அதற்காக நாங்கள் உப்புப் படிந்த தட்டு முழுவதையும் துடைக்க வேண்டும், வரிசை நின்றுபோகும். "புதுசாப் போட்டுக் குடுங்க, நிக்கிறேன்" என்று சொன்னாலே போட்டுத் தருவோம்.