அப்பா வழியிலும் வரும்: மார்பகப் புற்றுநோயும் மரபணு மாறுபாடும் – கேள்வி பதில்

கேள்வி: அம்மா வீட்டில் யாருக்கும் மார்பகப் புற்றுநோய் வந்ததில்லை. என் இரண்டு அத்தைகளுக்கும் நாற்பது வயதையொட்டி வந்தது. அது அப்பா வழி என்பதால் நான் பயப்பட வேண்டியதில்லை என்கிறார்களே?

பதில்: அந்த ஆறுதல் தவறானது. மரபணு ஆலோசனைக்கு வருபவர்களிடம் குடும்ப வரைபடம் கேட்டால், பெரும்பாலோர் அம்மா, பெரியம்மா, சித்தி, பாட்டி என்று ஒரு பக்கத்தை நிரப்பிவிட்டுப் பேனாவை வைத்துவிடுகிறார்கள். பெண்களை வட்டமாகவும் ஆண்களைச் சதுரமாகவும் வரைந்து, நோய் வந்தவர்களைக் கறுப்பாக்கும் அந்தத் தாளில் உங்கள் அப்பாவின் சதுரம் வெறுமையாகத்தான் இருக்கும். அதன் இருபுறமும் நிற்கும் கறுப்பு வட்டங்களைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பழுதானால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் முக்கிய மரபணுக்களில் பி.ஆர்.சி.ஏ.1 17ஆம் குரோமோசோமிலும் பி.ஆர்.சி.ஏ.2 13ஆம் குரோமோசோமிலும் உள்ளன. இவை பாலினக் குரோமோசோம்கள் அல்ல. ஆதலால் ஆண்களும் மாறுபாட்டைச் சுமந்து, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 50 சதவீத வாய்ப்போடு கடத்துகிறார்கள். அத்தைகளிடம் அது உறுதியானால், உங்கள் அப்பாவிடம் இருக்கப் பாதி வாய்ப்பும், உங்களிடம் இருக்கக் கால் வாய்ப்பும் உண்டு. நோய் வந்த அத்தையை முதலில் பரிசோதிப்பதே முறை. அவரிடம் எது பழுதாகியுள்ளது என்று தெரியாமல் உங்களைப் பரிசோதித்து ‘இல்லை’ என்று வந்தால், அந்த ‘இல்லை’யை முழுதாக நம்ப முடியாது.

கேள்வி: ‘பி.ஆர்.சி.ஏ. இருக்கிறது’ என்றால் புற்றுநோய் நிச்சயமா?

பதில்: அந்த மரபணு எல்லோரிடமும் இருக்கிறது. உடைந்த டி.என்.ஏ. இழைகளைச் செப்பனிடுவது அதன் வேலை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதான பிரதியைப் பெற்றவரின் மார்பக உயிரணு ஒன்றில் மற்ற நல்ல பிரதியும் கெடும்போது செப்பனிடும் வேலை தடைப்பட்டு, பிழைகள் சேர்கின்றன. 2017இல் வெளியான, ஏறத்தாழ 10,000 மேலைநாட்டுப் பெண்களை உள்ளடக்கிய ஆய்வின்படி, 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பி.ஆர்.சி.ஏ.1 பழுதுள்ளவர்களுக்கு 72 சதவீதம், பி.ஆர்.சி.ஏ.2 பழுதுள்ளவர்களுக்கு 69 சதவீதம். சூலகப் புற்றுநோய்க்கு முறையே 44, 17. மிக அதிகம்தான், ஆனால் விதி அல்ல.

கேள்வி: அறிக்கையில் ‘முக்கியத்துவம் உறுதியாகாத மாறுபாடு’ என்று வந்திருக்கிறது. மார்பகத்தை அகற்றிவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். மரபணுவில் தென்பட்ட அந்த டி.என்.ஏ. எழுத்து மாற்றம் தீங்கானதா, சாதாரணமானதா என்று தீர்மானிக்கப் போதிய சான்று இன்னும் இல்லை என்பதே அதன் பொருள். இத்தகைய மாற்றங்களில் பல பின்னாளில் தீங்கற்றவை என்றே வகைப்படுத்தப்படுகின்றன. மேலைநாட்டுத் தரவுகளோடு ஒப்பிட்டே பெரும்பாலும் முடிவு எழுதப்படுவதால், நம் பெண்களின் அறிக்கைகளில் இந்த வரி கூடுதலாகவே வருகிறது. குடும்ப வரலாற்றை வைத்துக் கண்காணிப்பை முடிவு செய்யுங்கள். ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே ஆய்வகத்திடம் மறுவகைப்பாடு வந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றால்?

பதில்: மார்பகப் புற்றுநோயில் 5 முதல் 10 சதவீதமே இப்படிப் பரம்பரையாக வருவது. ஆகவே குடும்பத்தில் யாருக்கும் இல்லாவிட்டாலும், கட்டி தென்பட்டால் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 29 வயது. பி.ஆர்.சி.ஏ.1 பழுது உறுதியாகிவிட்டது. இனி என்ன செய்வது?

பதில்: ஆண்டுதோறும் மார்பக எம்.ஆர்.ஐ., 30 வயதிலிருந்து அதோடு மேமோகிராம் (மார்பக எக்ஸ்-கதிர்ப் படம்). குழந்தை வேண்டுமென்றால் அந்தத் திட்டத்தை இப்போதே மருத்துவரிடம் பேசுங்கள், ஏனெனில் சூலகங்களையும் கருக்குழாய்களையும் 35 முதல் 40 வயதுக்குள் அகற்றும்படி அறிவுறுத்தப்படுவது வழக்கம். உங்கள் அண்ணனிடமும் சொல்லுங்கள். அவருக்கும் மகள்கள் இருக்கலாம்.