பிளைவுட் மீன்தொட்டி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: 240 செ.மீ. நீளத்தில் தொட்டி கட்ட ஆசை. முழுக்கக் கண்ணாடி என்றால் செலவும் எடையும் பயமுறுத்துகின்றன. பிளைவுட் நிஜமாகவே தாங்குமா?

பதில்: தாராளமாகத் தாங்கும். 18 மி.மீ. மரைன் பிளை (ஈரம் தாங்கும் பசையில் ஒட்டிய பிளைவுட்) எடுங்கள். முன்பக்கம் மட்டும் கண்ணாடி, மற்றதெல்லாம் பலகை. மேல் விளிம்பைச் சுற்றி ஒரு சட்டமும் நடுவில் குறுக்குச் சட்டமும் கட்டாயம். அவை இல்லாவிட்டால் தண்ணீர் நிரம்பியதும் முன்னும் பின்னும் பிதுங்கும். மூட்டுகளை எபாக்ஸியும் (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) துருப்பிடிக்காத திருகும் சேர்த்து இறுக்குங்கள். ஆனால் மரம் தருவது பலம் மட்டும்தான். தண்ணீரைத் தடுக்கப்போவது உள்ளே பூசும் எபாக்ஸிப் பூச்சு. உங்கள் பொறுமையெல்லாம் அங்கே தேவைப்படும்.

கேள்வி: உயரம் 60 செ.மீ. என்று திட்டம். 75 ஆக்கினால் பெரிய வித்தியாசம் வருமா?

பதில்: வரும். உயரத்தில் கால் பங்கு கூட்டினால் கண்ணாடியைத் தள்ளும் விசை ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். ஆழத்தோடு அழுத்தமும் ஏறுகிறது, அது விழும் பரப்பும் ஏறுகிறது. உங்கள் நீளத்துக்கு 60 செ.மீ. தண்ணீர் சுமார் 430 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும், 75 செ.மீ. என்றால் 675 கிலோ. இடம் இருந்தால் அகலத்தைக் கூட்டுங்கள். முன்கண்ணாடியின் சுமை அதனால் ஏறாது, மீனுக்கும் திரும்பி நீந்த அதுதான் வசதி. அப்புறம், 75 செ.மீ. ஆழத்தில் பலருக்குக் கை அடிவரை எட்டாது. சுத்தம் செய்யும்போது தெரியும்.

கேள்வி: எபாக்ஸி இரண்டு கோட் அடித்தேன். மேலே மெழுகு தடவியதுபோலப் பிசுபிசுப்பாக இருக்கிறது. அப்படியே அடுத்த கோட் போடலாமா?

பதில்: வேண்டாம். சில எபாக்ஸி இறுகும்போது, குறிப்பாக ஈரக்காற்றில், ஒரு படலம் படியும். அதன் மேல் அடுத்த பூச்சு சரியாகப் பிடிக்காது. எடுத்ததும் உப்புத்தாள் போட்டால் அந்த மெழுகைப் பூச்சுக்குள் தேய்த்த மாதிரி ஆகும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடையுங்கள். காய்ந்த பிறகு உப்புத்தாள் போடுங்கள். கழுவியும் நகம் பதிகிறது என்றால் கலவை விகிதம் தப்பிவிட்டது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசுவதுதான் வழி. கண்ணளவில் ஊற்றாமல் அளந்து, சிறிது சிறிதாகக் கலக்குங்கள். ஒரே டப்பாவில் நிறையக் கலந்தால் சூடேறிப் புகையும்.

மொத்தம் மூன்று நான்கு கோட் வேண்டும். உள்மூலைகளில் ஃபைபர்கிளாஸ் நாடா வைத்துப் பூசுங்கள், விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பலகையின் வெட்டு விளிம்பு எபாக்ஸியை நன்றாக உறிஞ்சும், கூடுதலாகக் கொடுங்கள். என் முதல் தொட்டியில் குழாய்த் துளையைப் பூச்சு முடிந்த பிறகு போட்டேன். துளைக்குள் வெறும் மரம் தெரிந்தது, நான் கவனிக்கவில்லை. ஆறு மாதத்தில் பலகை ஊதிப் பிரிந்துவிட்டது. துளைகளை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

கேள்வி: கண்ணாடியை உள்ளிருந்து ஒட்டுவதா, வெளியிலிருந்தா?

பதில்: உள்ளிருந்து. அப்போது தண்ணீரே கண்ணாடியைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்கும். ஒட்டுவது சிலிக்கோன் பசையால், ஆனால் குளியலறைக்கு விற்கும் பூஞ்சைத் தடுப்பு சிலிக்கோன் மீனுக்கு ஆகாது.

கேள்வி: மாடி அறையில் வைக்கலாமா? பீரோ, கட்டில் எல்லாம் தாங்குகிறதே.

பதில்: அந்த ஒப்பீடு உதவாது. 240 செ.மீ. நீளம், 75 அகலம், 60 உயரம் உள்ள தொட்டியில் தண்ணீர் மட்டும் 1,080 கிலோ. மணல், கல், தாங்குமேசை சேர்ந்தால் 1,300 கிலோவைத் தாண்டும். அது நிற்கும் இடமோ 1.8 சதுர மீட்டர், அதாவது சதுர மீட்டருக்கு 700 கிலோவுக்கு மேல். வீட்டுத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவை வைத்தே வடிவமைக்கிறார்கள். சுமை தாங்கும் சுவரை ஒட்டி, உத்தரங்களுக்குக் குறுக்காக வைத்தால் நிலைமை கொஞ்சம் மாறும். அதையும் கட்டடப் பொறியாளர் வந்து பார்த்துச் சொல்லட்டும், தயவுசெய்து நீங்களே முடிவெடுக்காதீர்கள். தரைத்தளத்தில், மண்மேல் போட்ட கான்கிரீட்டில் வைக்க முடிந்தால் இந்தக் கவலையில் பெரும்பகுதி போய்விடும். எங்கே வைத்தாலும் ரசமட்டம் பாருங்கள். ஆப்பு வைப்பதானால் மேசைக் காலடியில் வையுங்கள், தொட்டிக்கு அடியில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: மீன் விடும்முன் எத்தனை நாள் சோதிக்க வேண்டும்?

பதில்: எபாக்ஸியும் சிலிக்கோனும் முழுதாக இறுக ஒரு வாரம் விடுங்கள். பிறகு வெளியே வைத்து முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு, மறுநாள் பாதிக்கு மேல், அப்புறம் முழுசாக நிரப்புங்கள். அடியில் காகிதம் விரித்து இன்னொரு வாரம் பாருங்கள். அறைக்குள் கொண்டுவந்த பிறகு மின்கசிவைத் துண்டிக்கும் பிரேக்கர் போட்ட இணைப்பையே பயன்படுத்துங்கள். ஒயர் பிளக்குக்குக் கீழே வளைந்து தொங்கி மேலேறட்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் வாசல் அகலத்தை அளந்துகொள்ளுங்கள்.